இருபது மணி நேரத் தொண்டு

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் முதல் நடப்பதை எல்லாம் உண்மையாக எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எதையும் மறைக்க மாட்டேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும் எழுதுவேன். என் கடிதங்களைக் கிழித்துப் போடாமல் வை. பிறகு தேவைப்படும்.

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் கைகளில் சலவைச் சோடா அரித்த இடங்கள் ஆறிவருகின்றன. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இப்போது ரப்பர் கையுறை கொடுத்துவிட்டார்கள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நர்சிங் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

செய்தி இதுதான். இந்த ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் இருபது மணி நேரம் யாருக்காவது தொண்டு செய்து அறிக்கை எழுத வேண்டும். அதைத் தொடங்கி வைக்க ஒரு டாக்டர் வந்து பேசினார். பிறருக்கு உதவுகிறவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைகிறதாம், நன்றாகத் தூக்கம் வருகிறதாம், ஆயுள்கூட நீள்கிறதாம். பெறுகிறவரைவிடக் கொடுக்கிறவருக்கே லாபம் அதிகம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு அத்தையின் கழுத்து நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா போன பிறகு அத்தை நம்மைத் தன் சலவைக் கடையின் மாடி அறையில் நான்கு வருடம் வைத்திருந்தார் அல்லவா? கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "என் தம்பி குடும்பம். நான்தான் வச்சுக் காப்பாத்துறேன்" என்று சொல்லும்போது அவருடைய கழுத்து ஒரு விரல்கடை நீளும். நான் கவனித்திருக்கிறேன். டாக்டர் சொன்னது சரியென்றால், நம்மை வைத்தே அத்தை பத்து வருட ஆயுளைச் சேர்த்திருப்பார்.

பேச்சு முடிந்ததும் உதவி கேட்டிருந்த வீடுகளின் பட்டியலை ஒட்டினார்கள். ஏழாவது வரி: 'சலவைக் கடை உரிமையாளர். பார்வை போய்விட்டது. வாரம் ஒரு மணி நேரம் பத்திரிகையும் தபாலும் படித்துக் காட்ட ஆள் தேவை.' என் வகுப்பில் ஒருத்தி அந்த வரியில் விரலை வைத்தாள். நான் அவள் விரலைத் தூக்கிவிட்டு என் பெயரை எழுதினேன்.

ஏன் என்று நீ கேட்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கடையில் அது நடந்தபோது நீ பக்கத்தில்தான் நின்றாய். பல் டாக்டர் சலவைக்குப் போட்ட தன் கோட்டின் பையில் விட்ட கைக்கடிகாரத்தைக் காணோம் என்றார். துணிகளின் பைகளைத் துழாவி, கிடைப்பதைத் தகர டப்பாவில் சீட்டோடு போட்டு வைப்பது அம்மாவின் வேலை. டப்பாவில் கடிகாரம் இல்லை. அத்தை அம்மாவின் கைப்பையை வாங்கிக் கல்லா மேசையில் கவிழ்த்தார். பல் உடைந்த சீப்பு, தலைவலித் தைலம், என் மதிப்பெண் அட்டை. அந்த அட்டையைக்கூட விரித்து உதறினார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும், "சோறு போட்ட வீட்டிலயே கை வைப்பியா?" என்று கேட்டார். அம்மா சிதறியதை எல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை அறையைக் காலி செய்தோம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதே கல்லா மேசைக்கு முன்னால், அதே போல ஆட்கள் நிற்கும்போது, "உங்க அம்மா திருடி இல்ல" என்று அத்தை தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்காக உதவப் போகிறேன். நான் இல்லாமல் ஒரு தபாலைக்கூடப் பிரிக்க முடியாது என்ற நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டு, கடைசி மணி நேரத்தில் கேட்பேன். சொன்னால் படிப்பேன். சொல்லாவிட்டால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வருவேன், பிறகு போகவே மாட்டேன்.

அத்தையை மரியாதையோடுதான் எழுதுகிறேன் என்பதைக் கவனித்திருப்பாய். பழி வாங்குகிறவள் மரியாதை தவறக் கூடாது என்று நினைக்கிறேன். அம்மாவிடம் நூலகத்துக்குப் போவதாகச் சொல்வேன். அது பொய்தான். அதையும் இங்கே எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள தங்கை


ஜூன் 24

வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பட்டியலில் வேறு வீடுகளே இல்லையா? போகாதே என்றால் கேட்கிற ஆளில்லை நீ. ஆனாலும் சொல்கிறேன், போகாதே. அம்மாவே விட்டுவிட்ட விஷயத்தை நீ ஏன் நோண்டுகிறாய்?

அத்தைக்குக் கண் போய்விட்டது என்று எனக்குத் தெரியாது. எப்போது? இரண்டு கண்ணுமா? வலி இருக்கிறதா? எழுது.

எனக்கு இப்போது ஆண்கள் வார்டு. தாடிக்காரத் தாத்தா ஒருவர் என்னைத் தவிர வேறு யாரையும் ஊசி போட விடுவதில்லை. "நீ குத்தினா கொசு கடிச்ச மாதிரி இருக்கு. அந்தப் பொண்ணு குத்தினா கதவிடுக்குல கை மாட்டின மாதிரி இருக்கு" என்கிறார். என்னோடு வேலை பார்க்கும் அந்தப் பெண் அவருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

நிறையப் படி. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அத்தை பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.

மூன்று மணி நேரம் முடிந்தது. முதல் சனிக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அத்தை கடையின் பின்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சட்டைப் பொத்தானை விரல்களுக்கு இடையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"படிச்சுக் காட்ட வந்திருக்கேன்."

"குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே."

"உங்க தம்பி மக."

பொத்தான் நின்றுவிட்டது. "பெரியதா, சின்னதா?"

"சின்னது."

"பள்ளிக்கூடத்துல வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைச்சாங்க. நான்தான் வந்தேன்."

இஸ்திரி அண்ணன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அம்மா, ஜாக்கிரதை. இது அவங்க அப்பா மாதிரி இல்ல. அப்படியே உங்கள மாதிரி" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. அத்தைக்கும் வந்தது.

"எனக்கு யாரோட தயவும் வேணாம்" என்றார்.

"தயவு இல்ல அத்தை. இதுக்கு மார்க் போடுவாங்க."

பொத்தான் மறுபடி உருண்டது. "மார்க்குக்குன்னா சரி. படி."

இரண்டாவது வாரம், "இங்க வெளிச்சம் பத்தல அத்தை, கல்லாகிட்ட உட்காருவோம்" என்று சொல்லி வெளியே அழைத்து வந்தேன். பின்னறையில் குழல்விளக்கு நன்றாகவே எரிந்தது. அவருக்குத் தெரியாதே. இப்போது நாங்கள் கல்லா மேசையில்தான் உட்காருகிறோம். நான் படிப்பதைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். "எவ்வளவு நல்ல பொண்ணு. தானா வந்து உதவுது பாருங்க" என்று ஒரு அம்மா சொன்னார். அத்தையின் கழுத்து உள்ளே போயிற்று. நான் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: போன வருடம் அறுவை சிகிச்சையில் ஒரு கண் போனது. மற்றது தானாக மங்கிவிட்டது. வலி இல்லையாம்.

உன்னிடம் ஒரு உதவி. என் அறிக்கைக்கு நிரூபணம் வேண்டும். நாள் முழுவதும் பிறருக்கு உதவுகிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். நர்சிங் சேர வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் கட்டாயம் என்று உன் சேர்க்கைத் தாளில் போட்டிருந்ததே, நான்தானே உனக்கு வாசித்துக் காட்டினேன். அதை வைத்து, நோயாளிக்கு உதவும் முன் உன் நாடி எவ்வளவு, உதவிய பின் எவ்வளவு என்று ஏழு நாட்கள் எண்ணி எழுதி அனுப்பு. டாக்டர் சொன்னது உண்மையா என்று பார்த்துவிடலாம்.

அன்புள்ள தங்கை


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? என் போன கடிதம் கிடைத்ததா? நான்கு வாரமாகப் பதில் இல்லை. அம்மா தினமும் தபால் வந்ததா என்று கேட்கிறாள். நாடிக் கணக்கு ஏழு நாளுக்கு முடியாவிட்டால் மூன்று நாளுக்கு அனுப்பினாலும் போதும்.

தங்கை


ஆகஸ்ட் 19

வாத்தியாரம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை அதிகம். அம்மாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

நாடிக் கணக்கு அனுப்ப முடியாது. கடிகாரத்தை இப்போது நான் கட்டுவதில்லை. வார்டுச் சுவரில் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

உதவினால் தூக்கம் வரும் என்று சொன்ன அந்த டாக்டரை எங்கள் வார்டில் ஒரு வாரம் வேலை பார்க்கச் சொல். இங்கே எல்லாருக்கும் உதவுகிறேன். படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா நன்றாகத் தூங்குகிறாளா?

அத்தை என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

அக்கா


ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். பதினோரு மணி நேரம் முடிந்தது.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என் சீருடையை மோந்து பார்த்துவிட்டு, "நூலகத்துல துணிக்கஞ்சி வாசனை அடிக்குமா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், கடைசி மணி நேரத்துத் திட்டத்தை மட்டும் சொல்லவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். "போ. நல்லா நிறுத்திப் படிச்சுக் காட்டு. ஆனா அந்தப் பழைய பேச்சு மட்டும் எடுக்காத" என்றாள்.

"ஏன்மா?"

"எடுக்காதன்னா எடுக்காத."

நீ கேட்டாயே, அம்மாவின் தூக்கம் என் அறிக்கைக்கே பெரிய சிக்கலாக இருக்கிறது. வீண் பழி சுமந்தவள் புரண்டு புரண்டு படுக்க வேண்டும் அல்லவா? அம்மா தலையணையில் தலை படுவதற்குள் தூங்கிவிடுகிறாள். டாக்டரின் பேச்சுப்படி அது கொடுத்தவர்களுக்கு வருகிற தூக்கம். அம்மா யாருக்கு என்ன கொடுத்தாள்? எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

என்னைப் பற்றியும் எழுத வேண்டும். எனக்கு இப்போது நன்றாகப் பசிக்கிறது. நகம் கடிப்பதை விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் யாரும் எழுப்பாமல் எழுந்துவிடுகிறேன். இதெல்லாம் தொண்டினால் இல்லை, பழி வாங்கும் எண்ணத்தினால்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் உடம்பு ஒரே மாதிரி நடந்துகொள்கிறது.

அத்தை உன்னைக் கேட்டார். "பெரியவ எங்க?" என்றார். நர்சிங் படிக்கிறாள் என்றேன். "படிக்கட்டும். அந்த வேலைக்குக் கை சுத்தமா இருக்கணும்" என்றார். சோப்பைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அன்புள்ள தங்கை


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வேலை அதிகம் என்று நானே அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதினாறு மணி நேரம் முடிந்தது. கனி பழுத்துவிட்டது. நேற்று பேருந்து கிடைக்காமல் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். அத்தை தபால்களை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். மூன்று முறை "வந்துட்டாளா?" என்று கேட்டாராம். இஸ்திரி அண்ணன் தான் படிக்கட்டுமா என்று போயிருக்கிறார். "நீ எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பார்வையே திரும்பி வந்துரும். போய்த் தேயி" என்று விரட்டிவிட்டாராம்.

நேற்று பின்னறைக்குப் போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கை மிக லேசாக இருந்தது. இரக்கம் வருகிறதா என்று என்னையே சோதித்தேன். கொஞ்சம் வந்தது. மதிப்பெண் அட்டையை உதறியதை நினைத்துக்கொண்டேன். போய்விட்டது.

நாள் குறித்துவிட்டேன். இருபதாவது மணி நேரம் நவம்பர் 1, சனிக்கிழமை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பல் டாக்டர் தன் கோட்டுகளை எடுக்க வருகிறார். அவர் கண் முன்னாலேயே நடக்கும். சொல்ல வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்திருக்கிறேன்: "அத்தை, எங்க அம்மா திருடி இல்லன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம்தான் அடுத்த வரி." 'அப்புறம்தான் அடுத்த வரி' என்பது நானாகச் சேர்த்தது. நன்றாக இருக்கிறது அல்லவா?

அன்புள்ள தங்கை


அக்டோபர் 14

வாத்தியாரம்மாவுக்கு,

நலம். சில விவரங்கள் வேண்டும். நவம்பர் 1 அன்று எத்தனை மணிக்கு அங்கே இருப்பாய்? தபால்காரர் கடைக்கு எப்போது வருவார்? முதலில் பத்திரிகையா, தபாலா? எல்லாத் தபாலையும் நீதான் பிரிப்பாயா?

உடனே எழுது.

அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் பக்கம் வந்துவிட்டாய் என்று புரிந்துகொண்டேன். உனக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

பதினோரு மணி முதல் பன்னிரண்டு வரை. தபால்காரர் பத்தே முக்காலுக்கு வருவார். முதலில் தபால்தான், பிறகு பத்திரிகை. எல்லாவற்றையும் நான்தான் பிரிப்பேன். அத்தைக்கு வருவது பெரும்பாலும் சோப்புக் கம்பெனி விளம்பரம். அதையும் கடைசி வரி வரை படிக்கச் சொல்வார்.

இன்னும் இரண்டு மணி நேரம்தான்.

அன்புள்ள தங்கை


அக்டோபர் 28

அத்தைக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை உங்களுக்குப் படித்துக் காட்டப் போகிறவள் யார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாத்தியாரம்மா, நிறுத்தாமல் படி.

பல் டாக்டரின் கடிகாரத்தை எடுத்தது நான். அன்று அம்மா தண்ணீர் குடிக்கப் போனபோது அந்தக் கோட்டை நான் துழாவினேன். வினாடி முள் இருந்தது. எனக்கு நர்சிங் சேர அப்படி ஒரு கடிகாரம் தேவைப்பட்டது. உங்களிடம் கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் கொடுத்ததைக் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பீர்கள். நான் அங்கேயே நின்று அதைக் கேட்க வேண்டியிருந்திருக்கும். அதைவிட எடுத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

நீங்கள் அம்மாவின் பையைக் கவிழ்த்தபோது கடிகாரம் என் காலுறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அன்று மாலையே தெரியும். நானே சொன்னேன். "படிப்பு போயிடும், வாய மூடிட்டுப் போ" என்று சொன்னது அம்மா.

இரண்டு வருடமாக அதைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பேருக்கு நாடி பார்த்தேன். பலர் பிழைத்தார்கள், எனக்கு ஆசி சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு நன்மையும் வந்து சேரவில்லை. கடிகாரத்தைப் பதிவுத் தபாலில் பல் டாக்டருக்கு அனுப்பிவிட்டேன்.

அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னதைத் திருத்திவிடுங்கள். நீங்கள் செய்தது கொடுமை. ஆனால் அதைச் செய்ய வைத்தது நான்.

உங்கள் தம்பியின் மூத்த மகள்


நவம்பர் 2

அக்காவுக்கு,

இந்த முறை உன் நலத்தைக் கேட்கப் போவதில்லை.

நேற்று கடையில் ஆறு பேர் இருந்தார்கள். பல் டாக்டர், திரைச்சீலை கொண்டுவந்த ஒரு அம்மா, இரண்டு ஓட்டுநர்கள், இஸ்திரி அண்ணன், கணக்கெழுதும் பெண். உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? அத்தையைக் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாய், என் வேலையில் பாதியை நீயே முடித்துவிட்டாய் என்று நினைத்தேன். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று எழுந்து நின்று படித்தேன்.

'எடுத்தது நான்' என்று வந்ததும் என் வாய் அந்த வரியைத் தாண்டி இரண்டு வரி தானாகப் போய்விட்டது. பிறகுதான் எனக்கே புரிந்தது. நின்றேன்.

அத்தை கையை உயர்த்தினார். "போதும். மீதிய உள்ள போய்ப் படிக்கலாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "எனக்கு விஷயம் புரிஞ்சுடுச்சு. வா உள்ள."

உள்ளே போயிருக்கலாம். உன் பெயர் கெடாமல் இருக்க அத்தை எனக்கு ஒரு வழி கொடுத்தார். என்னிடம் வாங்கிக்கொண்டே இருந்தவர் திருப்பிக் கொடுத்தார், அதை வாங்க எனக்குப் பிடிக்கவில்லை. "இங்கதான் பையைக் கவுத்தீங்க. இங்கயே படிக்கிறேன்" என்றேன். ஒரு சொல் விடாமல் கடைசி வரை படித்தேன். 'காலுறைக்குள்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. அந்த வரியை இரண்டாம் முறையும் படித்தேன்.

பல் டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்தக் கடிகாரமா? இன்னும் வந்து சேரல. அதை நான் மறந்தே போயிட்டேன்மா" என்றார்.

அத்தை, "எத்தனை பேர் நிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டார். ஆறு என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என் தம்பி பொண்டாட்டி திருடி இல்ல. நான் சொன்னது தப்பு" என்றார். பிறகு உட்கார்ந்து, "அன்னைக்குப் பத்துப் பேர் இருந்தாங்க. இன்னும் நாலு பேர் வரட்டும்" என்றார்.

பன்னிரண்டு மணி ஆகியும் நான் எழவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று அதையே சொன்னார். நான்காவது ஆள் வழி கேட்க வந்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கம்மா, தபால் நிலையம் எந்தப் பக்கம்?" என்றார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு படிச்சது?"

"நான்."

"கடைசி வரைக்குமா?"

"ஆமா. அத்தை உள்ள போய்ப் படின்னாங்க. நான்தான் அங்கயே படிச்சேன்."

"கண்ணு தெரியாதவளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நேற்று அம்மா தூங்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் தூங்கவில்லை.

நான் செய்தது தவறு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. தவறு உன்னுடையது. இரண்டு வருடம் என் கோபத்தைத் தப்பான விலாசத்துக்கு அனுப்ப விட்டாய். அந்தக் கடிகாரத்தை வைத்தே உன் நாடியை எண்ணச் சொன்னேனே, சிரித்தாயா?

தங்கை


நவம்பர் 8

வாத்தியாரம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. அந்தக் கடிதம் வந்த அன்று எண்ணிப் பார்த்தேன். ஒரு தாத்தாவுக்குத் தலை துவட்டிவிட்டு வந்து என் மணிக்கட்டில் விரலை வைத்தேன். எண்ண முடியவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். பிறகு கட்டவில்லை.

நீ படித்ததற்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிறுத்தாமல் படி என்று எழுதியதே நான்தான்.

எங்கள் கண்காணிப்பாளரிடமும் நானே சொல்லிவிட்டேன். படிப்பைத் தொடர விடுவார்களா என்று இன்னும் தெரியாது. 22ஆம் தேதி முதல் நான்கு நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார்கள். அன்று காலை ஆறரைக்கு வருகிற ரயிலில் வரலாமா? அம்மாவைக் கேட்காதே. அம்மா வா என்றுதான் சொல்வாள். உன்னைத்தான் கேட்கிறேன். உன் பதில் வந்த பிறகுதான் டிக்கெட் எடுப்பேன்.

அக்கா


நவம்பர் 16

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மா செவ்வாய்க்கிழமை முதல் என்னோடு பேசுகிறாள். முதல் பேச்சு, "உப்பு எங்க?"

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அதில் கடைசிக் கேள்வி, 'தொண்டினால் உனக்குக் கிடைத்தது என்ன?' நான், 'கேட்டது கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது' என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையில் 'விளக்கவும்' என்று போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் விளக்கவில்லை.

இருபது மணி நேரம் முடிந்தும் நேற்றும் அதற்கு முந்தின சனிக்கிழமையும் கடைக்குப் போனேன். "மார்க்குக்கு வேண்டியது முடிஞ்சுடுச்சுல்ல, இன்னும் எதுக்கு வர்ற?" என்று அத்தை கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்ப தபால எடு" என்றார்.

அம்மாவை மறுபடி அந்த வேலைக்கு வரச் சொல்லி அத்தை என்னிடம் சொல்லி அனுப்பினார். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். "அவங்க சொன்னது என் காதுக்கு வந்துடுச்சு. அது போதும். திரும்பவும் யாரு காப்பாத்துறாங்கன்னு கேட்டுட்டு நிக்க என்னால ஆகாது" என்றாள். இதை அத்தையிடம் ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். அத்தை விரலிடுக்கில் உருட்டிய பொத்தானை மேசையில் வைத்தார். பிறகு உனக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

'நீ எடுத்ததுக்கு உன்னை நான் மன்னிக்கல. கேட்கக் கூசுற மாதிரி நான் கொடுத்திருக்கேன்னு நீ எழுதினதுக்கும் மன்னிக்கல. அது உண்மைங்கறதால இன்னும் கோவமா இருக்கு. வர்றதா இருந்தா சனிக்கிழமை பதினோரு மணிக்கு, கூட்டம் இருக்கும்போது வா. நான் பத்துப் பேர் முன்னாடி நின்னேன். நீயும் நில்லு. அதுக்கப்புறம் உன் கண்காணிப்பாளருக்கு என்ன எழுதணுமோ நான் எழுத வைக்கிறேன்.'

கடைசி வரியைச் சொல்லும்போது கழுத்து நீள்கிறதா என்று பார்த்தேன். நீளவில்லை. குனிந்துதான் இருந்தார். "இத யார்கிட்டயும் சொல்லாத" என்றும் சொன்னார். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அம்மாவை நான் கேட்கவில்லை. ஆனால் உன் கடிதம் மேசையில் இருந்தது. "வரும்போது கம்பளியைக் கொண்டுவரச் சொல்லு. இங்க மூணு பேருக்குப் பத்தாது" என்றாள்.

இனி நான். என் கோபம் தீரவில்லை. தீர்ந்ததும் தேதி போட்டு எழுதுகிறேன், அதுவரை தீர்ந்துவிட்டதாக நீயாக நினைத்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு வேலை காலை எட்டு மணிக்குத்தான் முடியும் என்பதால் ரயில் நிலையத்துக்கு நான் வருகிறேன். பைகளில் சின்னதை மட்டும் தூக்குவேன். நம் தெருமுனை வரும்வரை என்னோடு பேசாதே. பதினோரு மணிக்குக் கல்லா மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன், ஆனால் உனக்காக ஒரு வார்த்தை படிக்க மாட்டேன். நீயேதான் சொல்ல வேண்டும். குரல் உடைந்தால் அந்த இடத்தை மறுபடி சொல்.

டிக்கெட் எடு.

அம்மா விடியற்காலை வேலைக்குப் போக வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.